புது பைக்கில் டயர் தகராறு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

காரைக்குடிப் பக்கம் புது வண்டி எடுத்தால் முதல் ஓட்டம் பெரும்பாலும் பிள்ளையார்பட்டிக்குத்தான். நானும் அப்படித்தான் போனேன். பூசை முடிந்து, சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு மாலையோடு திரும்பினேன். குன்றக்குடி தாண்டிச் சாலை காலியாக இருந்த இடத்தில் 50-ஐத் தொட்டதும், சீட்டுக்கடியில் யாரோ விரலால் சுண்டுவது போல டப், டப், டப். வேகம் கூடினால் சுண்டலும் கூடியது. 40-க்கு இறக்கினால் ஒன்றுமே இல்லை. ஷோரூமில் போய்ச் சொன்னேன். "புது டயர் சார், ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள். 300 கிலோமீட்டர் ஓடியும் சரியாகவில்லை.

அந்த அலைச்சலில் ஒன்று புரிந்தது. டயர் கோளாறு போலத் தெரிவது எல்லாம் டயருடைய கோளாறு இல்லை. காற்றாக இருக்கலாம், மாட்டிய விதமாக இருக்கலாம், ரிம்மாக இருக்கலாம், வெறும் முள்ளாகவும் இருக்கலாம். யார் செலவில் சரிசெய்வது என்பதும் அதைப் பொறுத்தே மாறும். டயரே பழுது என்றால் டயர் கம்பெனி. ரிம்மோ மாட்டிய விதமோ என்றால் வண்டிக் கம்பெனியும் ஷோரூமும். முள் என்றால் நம் சட்டைப்பை. வண்டியின் வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், டயரும் பேட்டரியும் தனி என்று பெரும்பாலும் போட்டிருக்கும். ஆகவே "டயர் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று பந்தாடுவார்கள்.

எதிலும் கை வைக்கும் முன் இரண்டு வேலை. முதலாவது, போட்டோ. ஓடோமீட்டர், டயரின் பக்கவாட்டில் உள்ள பெயர், அளவு, சீரியல் நம்பர், கோளாறு தெரியும் இடம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டால், "வெளியில் கை வைத்துவிட்டீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். இரண்டாவது, காற்று. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் கானாடுகாத்தான் வரை போய்விட்டு பெட்ரோல் பங்க்கில் அளந்தால் 3, 4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். எவ்வளவு வேண்டும் என்பது செயின் கவர் மேலோ ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். என் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 32. டெலிவரி எடுத்த மறுநாள் அளந்தபோது பின்னால் 42 இருந்தது! குடோனில் பல நாள் நிற்கும் வண்டிக்கு அதிகமாக அடித்து வைத்துவிட்டு, கொடுக்கும்போது குறைக்க மறந்துவிடுகிறார்கள். அந்தக் காற்றில் நல்ல டயரும் கல்லு மாதிரிதான் இருக்கும். ஒரு சின்ன கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

காற்றைச் சரிசெய்த பிறகும் தொல்லை இருந்தால் மேலே படியுங்கள்.

குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி குதிக்கிறது

என் கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டியை செண்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு சாக்பீஸை ஸ்விங் ஆர்ம் மேல் ஊன்றி, டயரின் நடுப்பகுதியைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இஞ்சினைப் போட்டுச் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். கோடு முழுச் சுற்றும் விழுந்தால் டயர் வட்டமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்த இடம் மேடு. எனக்கு ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கோடு விழுந்தது. மீதி எல்லாம் சுத்தமான கறுப்பு.

மேடு இருக்கிறது என்பதால் டயர் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்து டயரும் ரிம்மும் சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். ரிம்முக்குச் சற்று மேலே, டயரைச் சுற்றி மெல்லிய வரி ஒன்று ஓடும். வார்ப்பிலேயே வந்தது. ரிம் ஓரத்துக்கும் அந்த வரிக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் கையகல இடத்தில் வரி ரிம்முக்குள் இறங்கி மறைந்தே போயிருந்தது. செக்காலைப் பக்கத்துப் பஞ்சர் கடை அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டயரு ஒக்காரல தம்பி. மாட்டுனவன் சோப்புத் தண்ணி போடாம மாட்டியிருக்கான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். டயரின் விளிம்பில், உள்ளே கம்பி வைத்த தடிப்பு இருக்கிறது. பீடு என்பார்கள். அது ரிம்மின் ஓரத்தில் முழுக்கப் போய் உட்கார வேண்டும். ஒரு இடத்தில் உட்காராமல் நின்றால் டயர் அங்கே உள்ளே இழுபட்டு, எதிர்ப்பக்கம் மேடாகும். இதற்கு மருந்து எளிது. காற்றை முழுக்க இறக்கி, விளிம்பைச் சுற்றி அழுத்தித் தளர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவி, 40 பி.எஸ்.ஐ. வரை அடித்தால் "டப்" என்று சத்தத்தோடு உட்காரும். டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச அளவை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது, அடிக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது. உட்கார்ந்ததும் பழைய அளவுக்கு இறக்கிவிட வேண்டும். டியூப் டயர் என்றால் ஒருமுறை அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடித்தால் உள்ளே டியூப் முறுக்கில்லாமல் படியும்.

நான் அங்கேயே செய்துகொள்ளவில்லை. போட்டோவை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கே போனேன். வரியைக் காட்டியதும் பேச்சு மாறியது. அரை மணி நேர வேலை. சுண்டல் நின்றது.

வரி சமமாக இருந்தும் மேடு இருந்தால் ரிம்மைச் சோதியுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியை ரிம் ஓரத்துக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துச் சுற்றினால், ரிம் மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ ஆடுவது தெரியும். பெரும்பாலான சர்வீஸ் கையேடுகள் 2 மி.மீ. வரை விடுகின்றன. அதற்கு மேல் ஆடினால், ஸ்போக்ஸ் சக்கரத்தில் ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கலாம். புது வண்டியில் இது சகஜம், கோட்டம் எடுத்தால் போதும். அலாய் வீல் ஆடினால் சக்கரத்தையே மாற்றச் சொல்ல வேண்டும். ரிம் ஆடாமல் நின்று டயர் மட்டும் ஏறி இறங்கினால்தான் அது டயரின் சொந்தக் குறை.

சந்தேகம் தீரவில்லையா? அதே மாடல் வண்டி சொந்தத்தில் யாரிடமாவது இருந்தால் சக்கரத்தை மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். தொல்லை சக்கரத்தோடு அடுத்த வண்டிக்குப் போனால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஒரு சின்ன விதிவிலக்கு: மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிக் கொஞ்சம் குதிக்கும். ஓடிச் சூடேறினால் அது மறையும். "ஓட ஓடச் சரியாயிரும்" என்பது பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான். அதற்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் அவகாசம் கொடுக்க வேண்டியதில்லை.

ஹேண்டில்பார் ஆடுகிறது

வேகம் குறையும்போது, 50-க்கும் 35-க்கும் நடுவில், பிடியைத் தளர்த்தினால் ஹேண்டில் படபடவென்று ஆடும். (சோதிக்கிறேன் என்று இரண்டு கையையும் விட்டுவிடாதீர்கள்.) முன் டயருக்கும் அதே சாக்பீஸ், அதே வரிச் சோதனை. பிறகு, டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வந்திருக்கிறதா பாருங்கள். அது டயரின் எடை குறைந்த இடம், எடையுள்ள வால்வுக்கு எதிரே போய்விட்டால் சமநிலை கெடும். அதையும் தாண்டினால் டயரை விட்டுவிட்டு, ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கை, அதாவது கோன் செட்டைப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கடகடக்கக் கூடாது. பின்னால் பெரிய பெட்டி மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இதில் டயர் அநேகமாக நிரபராதி. செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், இரண்டும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். முதல் சர்வீஸில் செயினை இறுக்கியவர் ஒரு பக்கம் அரைக் கோடு கூடத் தள்ளியிருந்தாலும் வண்டி நண்டு மாதிரி போகும். சரிசெய்யாமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதன் பிறகு எந்த வாரண்டிக் கிளெய்மும் நிற்காது.

காற்று நிற்பதில்லை

மூன்று நாளைக்கு ஒருமுறை 5, 6 பி.எஸ்.ஐ. இறங்குகிறது என்றால் முதலில் வால்வு. எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வையுங்கள், குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி (வால்வு பின்) தளர்ந்திருக்கிறது. இறுக்கினாலோ மாற்றினாலோ தீர்ந்தது. டியூப்லெஸ் என்றால் சோப்புத் தண்ணீரை வால்வின் அடிப்பகுதி, டயரின் முகம், ரிம் ஓரம் என்று வரிசையாக ஊற்றிப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மெதுவாகக் கசியும் இடத்தில் குமிழி வர ஒரு நிமிடம் கூட ஆகும்.

நம் பக்கத்தில் முதல் குற்றவாளி சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரை வழியாக ஒருமுறை குறுக்கே போனால் போதும். ஆணி போல் தலை வெளியே தெரியாது. ஒரு நாள் ஓட்டத்தில் ரப்பர் மட்டத்துக்கு ஒடிந்து, உள்ளே பாதி அங்குலம் நின்றுகொள்ளும். கண்ணால் பார்த்தால் டயர் பளிச்சென்று இருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு விரல் நுனியால் மெல்லத் தடவினால் ஒரு இடத்தில் சுருக்கென்று நெருடும். டியூப் டயரில் ஒரு முள்ளை எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் ஒட்டின மறுநாளே அடுத்த பஞ்சர். உள்பக்கம் பஞ்சைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், மிச்சம் முள் இருந்தால் பஞ்சு சிக்கும். இதற்கெல்லாம் கிளெய்ம் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை வேறு. ரிம் ஓரத்தில் குமிழி வந்தால், பெயின்ட் கட்டியோ வார்ப்புப் பிசிறோ டயரை ஒட்ட விடாமல் தடுக்கிறது. அது ரிம்மின் குறை. அலாய் வீலின் உலோகத்திலிருந்தே நுரை வந்தால் வார்ப்பில் நுண்துளை இருக்கிறது, சக்கரத்தை மாற்றித் தரச் சொல்ல வேண்டும். இரண்டும் வண்டிக் கம்பெனி கணக்கு. டியூபை வெளியே எடுத்தபோது அருகருகே இரண்டு சின்ன வெட்டு இருந்தால், மாட்டும்போது டயர் நெம்பும் லிவரில் நசுங்கியது அல்லது காற்றில்லாமல் பள்ளத்தில் இறங்கியது. முதல் வாரத்திலேயே வந்தால் முதல் காரணத்தைச் சொல்லி வாதாடலாம். டியூப் டயரின் வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் ஓட்ட வேண்டாம். டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுத்துக்கொண்டு போகிறது, வால்வு வேரோடு பிய்ந்தால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும்.

பக்கவாட்டில் வீக்கம்

இதற்குச் சோதனை வேண்டாம், ஓட்டுவதை நிறுத்துங்கள். டயருக்குள் இருக்கும் நைலான் நூல் அறுந்து, காற்று ரப்பரை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பஞ்சர் கடையிலும் இதற்கு வைத்தியம் கிடையாது. எங்கள் அண்ணன் மகன் வண்டியில் 1,140 கிலோமீட்டரில் பாதி எலுமிச்சம்பழத்தை ஒட்டி வைத்தாற்போல் வந்தது. "பள்ளத்தில் விட்டிருப்பீர்கள்" என்பதுதான் முதல் பதில். அப்படி விட்டிருந்தால் வீக்கத்துக்கு நேராக ரிம் ஓரத்தில் நசுங்கலோ கீறலோ பெரும்பாலும் இருக்கும். உள்பக்கம் நூல் வெட்டுப்பட்டது போல் தெரியும். அவன் ரிம்மில் கீறல்கூட இல்லை. அந்த இடத்தைக் கிட்டே வைத்து நாலு போட்டோ எடுத்திருந்தோம். டயர் கம்பெனியின் ஆள் வந்து கழற்றி உள்ளே பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்த ரிம் போட்டோ இல்லாவிட்டால் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

நடுப்பகுதி ரப்பர் அடியிலிருந்து பிரிந்து உப்புவதும், பாளமாகப் பெயர்வதும் இதே ரகம்தான்.

வெடிப்பு, பழைய டயர்

பக்கத்து வீட்டு ஆச்சி என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எங்க அப்பச்சி மலேயாவுல ரப்பர் தோட்டம் வச்சிருந்தாக. வெயில்ல போட்ட ரப்பரு வெடிக்கும் தம்பி, நெழல்ல நிப்பாட்டு" என்றார்கள். சரியான பேச்சு. ஆனால் மூன்று மாத வெயிலில் வெடிக்காது. புது வண்டியில் பக்கவாட்டில் மயிர்க்கோடு போல வெடிப்பு தெரிந்தால் டயர் பிறந்த தேதியைப் பாருங்கள். சீரியலின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், ஜூன் மாதம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டிருப்பார்கள், தெரியாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். வண்டி தயாரான தேதிக்குச் சில மாதம் முந்தியது என்றால் சாதாரணம். இரண்டு வருடம் முந்தியது என்றால் வாய்விட்டுக் கேட்கலாம். அப்புறம், டயர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் குறை இல்லை. அச்சில் காற்று வெளியேறிய துளையின் மிச்சம் அவை.

அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 100/90-17 55பி என்றால் அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம், தாங்கும் எடை 218 கிலோ, உச்ச வேகம் 150 கி.மீ. இது வண்டிக் கையேட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் அது டயர் குறை இல்லை, மாட்டியவர் குறை.

வழுக்குகிறது

புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டர் வழுக்கத்தான் செய்யும், ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தில் ஈரக்காலோடு நடப்பது போல. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு தேய்ந்து போகும் வரை வளைவில் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்ட வேண்டும். டெலிவரி அன்று பளபளப்புக்காக டயரில் பாலிஷ் அடித்துக் கொடுப்பார்கள். பக்கவாட்டில் அடித்தால் போகட்டும், தரையைத் தொடும் முகத்தில் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டாம், ரப்பர் கெடும்.

டயர்தான் குறை என்று உறுதியானால்

வண்டி வாங்கிய ஷோரூமில் ஜாப் கார்டு (பழுதை எழுதும் வேலைச் சீட்டு) போடச் சொல்லுங்கள். அறிகுறியை உங்கள் வார்த்தையில் எழுதவையுங்கள்: "50 கி.மீ.க்கு மேல் பின் சக்கரம் குதிக்கிறது, ரிம் சரி, பீடு வரி சரி." "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு பில், ஆர்.சி. நகல், போட்டோக்களோடு டயர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலர். கம்பெனி ஆள் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ஒப்புக்கொண்டாலும் பல கம்பெனிகள் தேய்ந்த அளவுக்குப் பணம் பிடிக்கும். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் விலையில் பத்தில் ஒரு பங்கு நம்முடையது. ஆகவே குறை தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். டயரை விட்டுவிட்டு வரும்போது சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்காமல் வராதீர்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் புகார். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வண்டி சென்னையில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கையில் போடலாம்; ராயவரம், அரிமளம் பக்கத்தார் புதுக்கோட்டையில். டயரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு டயர் கையில் இருக்க வேண்டும், கோபத்தில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

மாற்று டயர் கிடைத்ததும் அதன் சீரியல் நம்பரையும் மாட்டிய கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். டெலிவரித் தாளில் இருப்பது பழைய டயரின் நம்பர், அடுத்த முறை அதை வைத்துக்கொண்டு போனால் "இந்த டயர் இந்த வண்டியுடையதே இல்லை" என்பார்கள். அண்ணன் மகனுக்கு முன் டயரில் அப்படித்தான் ஆனது.